அந்தச் சிப்பைக் கழற்றச் சொன்னது யார்?

இந்த மாதத்தில் இது நான்காவது. பிளாஸ்டிக் பை ஒன்றில் மூடி தனி, திருகுகள் தனி, சர்க்யூட் போர்டு தனி என்று ஒரு டிஸ்டார்ஷன் பெடல், அதாவது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் பெட்டி, என் மேசைக்கு வந்தது. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். எட்டுக் கால் சிப் இருந்த இடத்தில் தாமிரப் பட்டை மூன்று இடங்களில் உரிந்து, கடித்துத் துப்பிய நகம்போல் சுருண்டு நின்றது. சுற்றிலும் கருகிய பழுப்பு. கொண்டுவந்த இளைஞர், "சிப்பை மட்டும்தான் மாற்றினேன் சார். அதற்குப் பிறகு சத்தமே வரவில்லை" என்றார். மாற்றுவதற்கு முன்? "நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்தச் சிப் இருக்கிற வரைக்கும் சவுண்டு சரியாக வராது என்று எல்லோரும் சொல்கிறார்களே."

எல்லோரும் என்றால் யார்? கேட்டால் பதில் இல்லை.

பழுதுபார்ப்பவனுக்கு இதில் வருமானம்தானே, பிறகு எதற்குக் கோபம் என்று கேட்கலாம். உரிந்த பட்டைக்கு மாற்றாக முடி கனத்தில் கம்பி இழுத்துப் பற்றவைக்க அரை நாள் போகிறது, கண்ணும் போகிறது. ஈரத்தால் கெட்ட பெடல், மேடையில் மிதிபட்டு ஜாக் உடைந்த பெடல் என்றால் மனம் ஒப்பி வேலை செய்யலாம். அடுத்தவர் அபிப்பிராயத்தால் கெட்ட பெடலைச் சரிசெய்வது வேறு மாதிரி அலுப்பு.

சிப் பித்துக்கு நன்றாகத் தீனி போட்டது ஐபனெஸ் நிறுவனத்தின் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல். அதில் 1979-இல் டிஎஸ்808 என்ற மாடல் வந்தது, 1982-இல் டிஎஸ்9. பழையதில் பெரும்பாலும் ஜேஆர்சி 4558 என்ற சிப் இருந்தது. பழைய பெடல் இனிமை, புதியது அப்படியில்லை, ஆகவே இனிமை சிப்பில்தான் இருக்கிறது என்று யாரோ கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை ஓடுகிறது. தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். அந்தச் சிப்பின் வேலை பெருக்கித் தருவது. எவ்வளவு பெருக்கவேண்டும், எந்த ஒலியைக் கூடுதலாகப் பெருக்கவேண்டும், அலையின் தலையை எந்த உயரத்தில் சீவவேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது சுற்றிலும் உட்கார்ந்திருக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு ஆகியவை. ட்யூப் ஸ்க்ரீமரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் ஜோடியாக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் என்ற எல்லையைப் போடுகின்றன. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் அடிநாதம் மெலிந்து, நடு ஒலிகள் முன்னே வந்து நிற்பதற்குக் காரணம் இந்த ஜோடிதான். நீங்கள் "அந்த ட்யூப் ஸ்க்ரீமர் சவுண்டு" என்று உருகுவது இதைக் கேட்டுத்தான். ஒரு சிப்பின் விலையில் கைநிறைய வாங்கக்கூடிய இரண்டு சில்லறைச் சாமான்கள்! இவற்றுக்கு ரசிகர் மன்றம் கிடையாது.

டிஎஸ்808-க்கும் டிஎஸ்9-க்கும் என்னதான் வித்தியாசம்? வெளியேறும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள். முன்னதில் 100 ஓம், 10 கிலோ ஓம். பின்னதில் 470 ஓம், 100 கிலோ ஓம். பழைய சவுண்டு வேண்டும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்பவர்கள் இந்த இரண்டை மாற்றிப் பார்க்கட்டும். இரண்டு கால் சாமான், கழற்றுவதும் எளிது, போர்டும் பிழைக்கும்.

விதிவிலக்கு உண்டு, மறைக்கமாட்டேன். புரோகோ ராட் பெடலில் சிப்புக்குப் பங்கு இருக்கிறது. அதிலிருந்த எல்எம்308 மிகவும் மந்தமான சிப். மைக்ரோ வினாடிக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல் அதனால் ஏற முடியாது. அந்தச் சோம்பேறித்தனமே உச்ச ஒலிகளை மழுக்கி, ராட்டுக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. சரி, பிற்கால ராட்டில் வந்த ஓபி07 சிப்பின் வேகம் என்ன தெரியுமா? அதே 0.3. ஆனாலும் பழைய எல்எம்308-ஐத் தேடி அலைகிறார்கள். தேடிப் பிடித்ததை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அதில் சில, மேலே எழுத்தைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்த போலிகள். ஓரத்தில் தேய்த்தால் விரலில் மை ஒட்டுகிறது.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சிப் மாற்றச் சொல்லிப் பெடலைக் கொடுத்தார். திறந்து பார்த்தால் ஏற்கெனவே அவர் கேட்ட சிப்தான் உள்ளே இருந்தது. குமிழ்களின் உட்பாகத்தைச் சுத்தம் செய்தேன், பேட்டரியை மாற்றினேன், மூடினேன். அவர் வந்து ஒரு ஸ்வரம் வாசித்ததுமே, "இதுதான், இதுதான்!" என்று கண்களை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சுத்தம் செய்ததற்கு மட்டும் கூலி வாங்கினேன்.

இனி, எனக்கு இரத்தக் கொதிப்பு ஏற்றும் விஷயத்துக்கு வருகிறேன். "இந்தப் பெடலின் சவுண்டு நல்லது, அந்தப் பெடலின் சவுண்டு மோசம்." பெடலுக்கு என்று தனியாக ஒரு சவுண்டு கிடையாது. கிட்டார் இல்லாமல், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், விரல் இல்லாமல் எந்தப் பெடலும் வாய் திறந்ததில்லை. ஒரே நாளில், ஒரே மாதிரிப் பெடலைப் பற்றி இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். ஒருவர், தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருக்கிறது என்றார். மற்றவர், செல்லோ வாசிப்பதுபோல் இழைகிறது என்றார். முதலாமவரை வீட்டில் எப்படி வாசிப்பீர்கள் என்று விசாரித்தேன். பெடலிலிருந்து நேராகக் கணினிக்கு, கணினியிலிருந்து ஹெட்ஃபோனுக்கு. இடையில் ஸ்பீக்கரே இல்லை! கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியே விடாது. டிஸ்டார்ஷன் பெடல் உண்டாக்கும் கீச்சொலிகளில் பாதி அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். பெடலை வடிவமைத்தவர் அந்த வடிகட்டியை நம்பித்தான் வடிவமைத்திருக்கிறார். ஹெட்ஃபோனில் நேராகக் கேட்பவர், வடிகட்டாத டிக்காஷனை வாயில் ஊற்றிக்கொண்டு காப்பித்தூளைத் திட்டுகிறார். கணினியில் ஸ்பீக்கர்போல் வடிகட்டித் தரும் ஸ்பீக்கர் சிமுலேஷனைப் போடச் சொன்னேன். மறுநாள் தொலைபேசியில் அவர் பேசிய குரலே வேறு.

உலகத்தில் மிக அதிகம் வசை வாங்கிய பெடல்களில் ஒன்று பாஸ் நிறுவனத்தின் மெட்டல் ஜோன், 1991-இல் வந்தது. அதில் நடு ஒலியை 200 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி, 15 டெசிபல் ஏற்றலாம், இறக்கலாம். ஸ்டூடியோ மேசையில் இருக்கவேண்டிய அளவுக்கு அதிகாரம் அந்தச் சிறு குமிழில். அதைக் கையில் வாங்கியதும் எல்லோரும் செய்வது என்ன? நடு ஒலியை அடியோடு இறக்கி, மற்றவற்றை முழுக்க ஏற்றி, ஏற்கெனவே கரகரத்துக்கொண்டிருக்கும் ஆம்பின் முன்னால் செருகுவது. தனியறையில் அது பிரமாண்டமாகத்தான் இருக்கும். குழுவோடு வாசித்தால் பேஸ் கிட்டாரும் சிம்பலும் சேர்ந்து விழுங்கிவிடும். உடனே பெடல் மோசம்!

அதே நிறுவனத்தின் ஹெவி மெட்டல் பெடல், எச்எம்-2, 1983-இல் வந்து 1991-இல் நிறுத்தப்பட்டது. ஸ்வீடனில் டெத் மெட்டல் வாசித்த இளைஞர்கள் அதன் எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருகிவைத்து வாசித்தார்கள். 'இப்படி வாசிக்கக்கூடாது' என்று எந்த நிபுணரும் சொல்லக்கூடிய முறை அது. அந்த இரம்பச் சத்தத்துக்காகவே பழைய பெடல்களைப் பின்னாளில் போட்டி போட்டுக்கொண்டு தேடினார்கள். 2021-இல் நிறுவனமே அதை மறுபடி கொண்டுவந்தது. மாறியது காது.

கிளான் சென்டார் கதை இன்னும் வேடிக்கை. பில் ஃபின்னகன் 1994-இல் விற்கத் தொடங்கிய அந்தப் பெடலின் உள்ளே, யாரும் பார்க்கக்கூடாது என்று எபாக்ஸிப் பிசினை ஊற்றி மூடியிருப்பார். பார்க்க முடியாததாலேயே புராணம் வளர்ந்தது. கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. பிறகு வந்த கேடிஆர் பெடலின் மூடியிலேயே, இந்த அபத்தமான ஆரவாரம் என்னால் உண்டானதல்ல என்ற பொருள்பட அச்சடித்துவிட்டார். செய்தவரே கெஞ்சியும் நிற்கவில்லை என்றால் நான் எம்மாத்திரம்.

இரண்டு பெடல்களை ஒப்பிட விரும்புகிறவர்கள் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். இதைச் செய்யாமல் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் எனக்குக் குப்பை. என் பட்டறையில் சில நேரம் சிறு திருட்டுத்தனம் செய்வேன். ஒரே பெடலை இரண்டு முறை கேட்கவைப்பேன், இரண்டாம் முறை லெவல் குமிழை ஒரு நூல் அளவு ஏற்றிவைத்து. "இரண்டாவதில் கனம் இருக்கிறது, உயிர் இருக்கிறது" என்பார்கள். உயிர் இல்லை ஐயா, ஒன்றரை டெசிபல். மெல்லிய சத்தத்தில் தாழ்ந்த ஒலிகளும் உச்ச ஒலிகளும் நம் காதுக்குக் குறைவாகவே எட்டும், சத்தம் ஏற ஏற அவை எழுந்து வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டிய விஷயம் இது. படுக்கையறையில் இரவு பத்து மணிக்கு வைத்த குமிழ் நிலை மேடையில் காதைக் கிழிப்பதும் இதனால்தான். மேடைக்கான சவுண்டை மேடைச் சத்தத்தில் வையுங்கள், கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை நீங்கள் நினைப்பதில் பாதியாக வையுங்கள்.

அடுத்து, மின்சாரம். இதில் கெஞ்சல் கிடையாது. 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் 9 வோல்ட். 18 கொடுத்தால் சவுண்டு விரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கேட்ட அன்றே செருகியவர்கள் மூன்று பேரை இந்த ஆண்டில் பார்த்துவிட்டேன். பல பெடல்களில் மின்வழியில் இருக்கும் கெப்பாசிட்டர் 16 வோல்ட்டுக்கானது. 18-இல் அதன் தலை உப்பும். கிளான் வகைப் பெடல்கள் உள்ளேயே 9-ஐ உயர்த்திக்கொள்கின்றன. அந்த வேலையைச் செய்யும் சின்னச் சிப் பத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 18-ஐப் பார்த்த நொடியே போய்விடும். தாங்கும் என்று தயாரித்தவரே எழுதிக் கொடுத்திருந்தால் தாராளமாகச் செருகுங்கள். அடாப்டரின் முனைக்குறியைப் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர்மின். கீபோர்டு அடாப்டர் பொருந்துகிறதே என்று செருகாதீர்கள், அதில் பல தலைகீழ். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய பாணி ஃபஸ் பெடல் வைத்திருந்தால் அதற்குத் தனி பேட்டரி. அவற்றில் பலவற்றுக்கு மின்முனை தலைகீழ். ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தால் அது மற்றவற்றோடு ஷார்ட் ஆகிவிடலாம். வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கிலிருந்து கம்பியை உருவுங்கள். பெடலை அணைத்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள், கம்பி உள்ளே இருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். "நேற்று நன்றாக இருந்தது, இன்று தும்முகிறது" என்று வருபவற்றில் பாதி இதுதான்.

காது பற்றியும் சொல்லவேண்டும். இரண்டு மணி நேரம் முழுச் சத்தத்தில் ஒத்திகை பார்த்துவிட்டு, "பெடலில் உச்ச ஒலி போதவில்லை" என்று டோன் குமிழை ஏற்றுகிறீர்கள். மங்கியது உங்கள் காது. மறுநாள் காலையில் அதே நிலையில் கேட்டுப் பாருங்கள், பல் கூசும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸ் பக்கத்தில் நிற்கும் கிட்டார் கலைஞருக்கு 100 சர்வசாதாரணம். இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் இருக்கிறது, போடுங்கள். காதுக்குள் இரைச்சல் குடியேறிய பிறகு எந்தச் சிப்பும் உதவாது. எனக்கு இடக்காதில் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கைகூப்பிக் கேட்கிறேன். பெடலில் சிப் மாற்றிப் பழகியவர்கள் அடுத்து வால்வு ஆம்பை, அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய பாணி ஆம்பை, திறக்கிறார்கள். பெடலில் 9 வோல்ட், தப்புச் செய்தால் பெடல்தான் போகும். வால்வு ஆம்பில் 300, 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும். அணைத்துவிட்டேன் என்ற தைரியத்தில் கை வைத்தால் உயிர் போகலாம். திறக்காதீர்கள்.

அந்த இளைஞரின் பெடல் இப்போது வேலை செய்கிறது. கழற்றிய பழைய சிப்பை நல்லவேளையாகத் தூக்கிப்போடாமல் சட்டைப்பையில் வைத்திருந்தார். சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து அதையே திரும்பச் செருகினேன். இனி எத்தனை சிப் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், போர்டுக்குச் சேதமில்லை. பெடலைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அடாப்டரையும், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபிளையும் கூடவே எடுத்துவாருங்கள். குமிழ்கள் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்காமல் கொண்டுவாருங்கள்.