கிருமியே இல்லாத புராஸ்டேட் அழற்சி

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. விந்துத் திரவத்தின் ஒரு பகுதி இங்கேதான் சுரக்கிறது. வயதாக ஆக இது பெரிதாவது வேறு பிரச்சினை. அழற்சி அப்படியில்லை, 50 வயதுக்குக் கீழே உள்ள ஆண்களையும் சர்வசாதாரணமாகப் பிடிக்கும். அதில் நான்கு வகை உண்டு என்று 1995-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் வகுத்தது. எந்த வகை என்று பார்க்காமலே மாத்திரை சாப்பிடுவதுதான் பலரை ஆண்டுக்கணக்கில் அலையவிடுகிறது.

முதல் வகை திடீர்க் கிருமித் தொற்று. பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்க்குழாய் வழியே ஏறி சுரப்பிக்குள் புகுந்துவிடும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கடுமையான வலி, சிலருக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இந்த நேரத்தில் சுரப்பியை அழுத்திப் பிசையக் கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம்.

இரண்டாவது, நாள்பட்ட தொற்று. குணமானதுபோல் இருந்து, அதே கிருமி திரும்பத் திரும்பத் தலைகாட்டும். காரணம், பல ஆன்டிபயாடிக்குகளால் சுரப்பியின் திசுவுக்குள் போதிய அளவு நுழைய முடிவதில்லை. உள்ளே இருக்கும் நுண்ணிய கற்களில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டு பிழைத்தும்விடும். அதனால்தான் சரியாக ஊடுருவும் மருந்தை 4 முதல் 6 வாரம் வரை கொடுக்கிறார்கள். தெம்பு வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

சரி, வலியோடு வருபவர்களில் இந்த இரண்டு வகையும் எத்தனை பேருக்கு? பத்தில் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் எல்லாரும் மூன்றாவது வகை. சுரப்பியைப் பிசைவதற்கு முன்னும் பின்னும் சிறுநீரை எடுத்து கல்ச்சர் செய்தால் கிருமி எதுவும் வளராது. வெள்ளை அணுக்கள் சிலருக்கு இருக்கும், சிலருக்கு அதுவும் இராது. ஆனால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே, அடிவயிற்றில், விந்து வெளியேறும்போது என்று மாதக்கணக்கில் வலிக்கும்.

இந்த வலி கற்பனை இல்லை. நாள் முழுக்கக் கையை இறுக்கி மூடியிருந்தால் வலிப்பதுபோல, இடுப்பின் அடித்தளத் தசைகள் பலருக்கு இறுகியே கிடக்கின்றன. நரம்புகளும் கூர்மையாகி, சின்ன உணர்வைக்கூட வலியாக மூளைக்குச் சொல்கின்றன. மனக்கவலை இரண்டையும் கூட்டும். கிருமியே இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்கை மறுபடி மறுபடி எழுதுவது எனக்குக் கவலை தருகிறது. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழியும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும், வலியோ அப்படியே இருக்கும். தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, சிறுநீர்ப் பாதையை இளக்கும் ஆல்பா பிளாக்கர் மாத்திரை, வலி நிவாரணி, மன அழுத்தத்துக்கான உதவி என்று அவரவர் தொல்லைக்கு ஏற்பச் சேர்த்துக் கொடுக்கும்போது நிறையப் பேர் தேறுகிறார்கள்.

நான்காவது வகையில் ஒரு தொந்தரவும் தெரியாது. குழந்தையின்மைக்காக விந்துவைச் சோதிக்கும்போதோ, திசுவைத் துளியாக எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியிலோ தற்செயலாகத் தெரியவரும். பெரும்பாலும் சிகிச்சையும் வேண்டாம். அப்புறம் ஒரு விஷயம்: புராஸ்டேட் அழற்சியில் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு ஏறலாம் (புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று அறியப் பார்க்கும் புரதம் இது), திடீர்த் தொற்றில் நன்றாகவே ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் புற்றுநோய் என்று பதறாமல், தொற்று ஆறி 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.