எழுபது வயதுக்காரர்களுக்கு எதற்கு இவ்வளவு சுத்தமான மண்?

“அங்கே குடிவரப்போகிறவர்கள் எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். இந்த ரசாயனத்தால் நோய் வர இருபது முப்பது வருஷம் ஆகும் என்கிறீர்கள். அப்புறம் எதற்கு இவ்வளவு சுத்தம்?”

ஒரு திட்டக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் கெட்டவர் இல்லை. கையில் காசில்லாத முதியவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கட்டித் தர வேண்டும் என்று உண்மையாகவே அலைந்தவர். பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. எங்கே வெட்டலாம் என்று தேடியபோது மண்ணைச் சுத்தம் செய்கிற வரி கண்ணில் பட்டது. அன்றைக்கு நான் சொன்ன பதில் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. இப்போது ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, இதில் வீடு கட்டலாமா, கட்டினால் எப்படி என்று சொல்வது என் தொழில். மூடிப்போன பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை, பேட்டரி உடைத்து உருக்கிய கொட்டகை, முலாம் பூசிய பட்டறை: இப்படிப்பட்ட இடங்கள்தான் எங்கள் மேசைக்கு வரும். அவற்றில் முதியோர் குடியிருப்பு கட்டுவதை நான் எதிர்ப்பவன் இல்லை. பட்டறைகள் ஒரு காலத்தில் ஊரின் ஓரத்தில் இருந்தன. ஊர் வளர்ந்து அவற்றை நடுவில் போட்டுக்கொண்டது. இன்று அந்த இடத்திலிருந்து மருத்துவமனையும் பேருந்து நிறுத்தமும் நடந்துபோகிற தூரம். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட ஒருவருக்கு ஊருக்கு வெளியே பெரிய வீடு கிடைப்பதைவிட இங்கே சின்ன வீடு கிடைப்பது மேல். நிலமும் மலிவாக வரும்.

அந்த மலிவில்தான் சூது இருக்கிறது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கேனல் என்ற பாதியில் நின்ற கால்வாயில், 1940களில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் ரசாயனக் கழிவைக் கொட்டி, மேலே மண் போட்டு மூடினார்கள். 1953இல் அந்த நிலம் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்குக் கைமாறியது. கீழே கழிவு இருக்கிறது என்ற எச்சரிக்கை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. எச்சரிக்கை காகிதத்தில் பத்திரமாக இருந்தது. மண்ணைத் தோண்டியவர் கண்ணில்தான் படவில்லை.

இதன் விளைவாக 1980இல் அங்கே கடுமையான சட்டம் வந்தது. நிலத்தை வாங்கியவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு என்றானதும், பழைய ஆலை நிலங்களைத் தொடவே ஆளில்லாமல் போனது. வாங்குமுன் முறையாக விசாரித்தவருக்குப் பாதுகாப்பு கொடுத்து 2002இல் இன்னொரு சட்டம் போட்ட பிறகு நிலைமை இளகியது. ஆகவே ‘முறையாக விசாரிப்பது’ என்பது இந்தத் தொழிலில் பெரிய சொல்.

சரி, எழுபது வயதுக் கணக்குக்கு வருவோம்.

குடியிருப்பு நிலத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வழக்கமான அனுமானம்: நாளுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு 350 நாள், மொத்தம் 26 ஆண்டுகள் ஒருவர் அங்கே வசிக்கிறார். புற்றுநோய் அபாயத்துக்கு இந்த மொத்தத்தை 70 ஆண்டு ஆயுளில் பரப்பிப் போடுவார்கள். 26ஐ 10 ஆக்கினால் அபாயம் குறைந்ததாகத் தாளில் வரும். கூட்டத்தில் கேட்டவர் மனதில் இருந்தது இந்தப் பாதிதான்.

மற்ற பாதி, புற்றுநோய் அல்லாத கேடுகள். சிறுநீரகம், கல்லீரல், நரம்பு, எதிர்ப்புச் சக்தி. இங்கே வசிக்கும் காலம் வகுத்தல் கணக்கில் மேலேயும் வரும், கீழேயும் வரும், அடித்துக்கொண்டு போய்விடும். 26 ஆண்டு வசித்தாலும் ஆறு ஆண்டு வசித்தாலும் விடை ஒன்றுதான். மண்ணிலிருந்து ஏறிய ரசாயனம் அந்த அறைக் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி ஒரு கரைப்பானுக்கு, பல இடங்களில் வரம்பைத் தீர்மானிப்பதே இந்தப் பாதிதான்.

அதோடு, 24 மணி நேரம் என்பது வேலைக்குப் போகிற இளையவருக்கு மிகைக் கணக்கு. மூட்டு வலியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அது அப்படியே நிஜம். வயது ஏற ஏறச் சிறுநீரகம் நச்சை வெளியேற்றுவதும் மெதுவாகிறது.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் என்றாலே குழந்தைகள் பற்றித்தான் பேசுவோம். அது சரிதான், மூளை வளரும் வயதில் அது செய்யும் கேடு பெரிது. அமெரிக்க முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு மண்ணில் 400 பங்கு ஈயம்) அளவை 2024இல் 200க்கு இறக்கியதும் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். ஆனால் பெரியவர்களின் உடலிலிருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் உட்கார்ந்திருக்கிறது, பல பத்தாண்டுகளாக. ஈயம் கலந்த பெட்ரோல் உலகின் கடைசி பங்க்கிலும் நின்றது 2021இல்தான். இன்று எழுபதைத் தொட்டவர்கள் அந்தப் புகையில் வளர்ந்தவர்கள். வயதாகி எலும்பு தேயும்போது, பூட்டி வைத்த ஈயம் திரும்ப ரத்தத்துக்கு வருகிறது. ஏற்கெனவே கையிருப்போடு வருகிறவர்களுக்குத்தான் “கொஞ்சம் கூட இருந்தால் என்ன” என்கிறோம்.

தவிர, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வராத முதியோர் குடியிருப்பை நான் பார்த்ததில்லை.

ஒரு நிலத்தின் கதையைச் சொல்கிறேன். பழைய டிரை கிளீனிங் கடை. பழைய வரைபடத்தில் இயந்திரம் முன்பக்கம் இருந்தது. அங்கே துளை போட்டோம், மண் சுத்தம். இரண்டாவது துளை, அதுவும் சுத்தம். திட்டக்காரர்களுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு மட்டும் உறுத்தல். அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். “மிச்சத்தை எங்கேப்பா ஊத்துவோம், பின்பக்கத் தொட்டியிலதான்” என்றார், மிகச் சாதாரணமாக. பின்பக்கத் தொட்டியின் கழிவுக் குழாய் இணைப்புக்கு நேர் கீழே துளை போட்டபோது முகமூடியையும் மீறி மணம் வந்தது. லேசான இனிப்பு வாடை.

டிரை கிளீனிங்கில் துணியின் அழுக்கைக் கரைக்கும் அந்தத் திரவத்தைத் தொழிலில் ‘பெர்க்’ என்பார்கள். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். பெட்ரோல் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். ஆக்சிஜன் கிடைத்தால் மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்றும்விடும். பெர்க் அப்படியில்லை, நீருக்குள்ளேயே மூழ்கி, எங்கே களிமண் தட்டுகிறதோ அங்கே குளம் கட்டும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் மெல்லச் சிதையும், ஆனால் சிதைந்து வருவதில் வினைல் குளோரைடும் ஒன்று. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமில்லாமல் நிறுவப்பட்ட பொருள். இவையெல்லாம் ஆவியாகி மண் இடுக்குகள் வழியே மேலே ஏறும். கட்டடத்தின் உட்புறம் வெளியைவிடக் கதகதப்பாக இருந்தால் சூடான காற்று மேலே போக, கீழே உறிஞ்சும் அழுத்தம் உருவாகிறது. தளத்தின் மயிரிழை விரிசல், குழாய் நுழையும் ஓட்டை, எல்லாமே அதற்கு வாசல். குளிர்காலத்தில் ஒரு அளவு, கோடையில் வேறு அளவு வருவது இதனால்தான். ஒரே ஒருமுறை எடுத்த காற்று மாதிரியைக் காட்டி “பிரச்சினையில்லை” என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள்.

இதற்கு வழி இருக்கிறது, விலை அதிகமும் இல்லை. கான்கிரீட் தளம் போடுமுன் அடியில் ஜல்லி பரப்பி, அதில் ஓட்டைக் குழாய்கள் பதித்து, மேலே ஆவி புகாத தடிப்பான விரிப்பு. குழாயைக் கூரைவரை ஏற்றி ஒரு சின்ன மின்விசிறி. தளத்துக்குக் கீழே அழுத்தம் குறைவாகவே இருக்கும்படி அது இழுத்துக்கொண்டிருக்கும். மண்ணிலிருந்து இயற்கையாகவே கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்காக உருவான உத்தி இது. முதலிலேயே செய்தால் கட்டுமானச் செலவில் கண்ணுக்குத் தெரியாது. கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த பிறகு தரையைத் துளைத்துச் செய்வதானால் செலவும் தொல்லையும் பல மடங்கு.

மண்ணை முழுக்க வெட்டி அகற்ற முடியாத இடங்களில் மேலே சுத்தமான மண்ணைப் போட்டு மூடுவோம். இரண்டுக்கும் நடுவே பளிச்சென்ற ஆரஞ்சு நிற வலையை விரிப்போம். பின்னால் யாராவது தோண்டினால் ‘இத்தோடு நில்’ என்று சொல்வதற்கு. முதியவர்கள் செடி வைப்பார்கள், அதைத் தடுக்கவும் கூடாது. குனியாமல் வேலை செய்கிற உயரத்தில், அடியில் தடுப்புள்ள தொட்டிப் பாத்திகள் கட்டிக் கொடுத்தால் முதுகுக்கும் நல்லது, ஈயத்துக்கும் தள்ளி.

குடிநீர்க் குழாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நெதர்லாந்தின் லெக்கர்கெர்க்கில், கழிவுப் பீப்பாய்கள் புதைந்த நிலத்தில் கட்டிய ஏறத்தாழ 270 வீடுகளை 1980இல் காலி செய்தார்கள். அங்கே ரசாயனம் பிளாஸ்டிக் குழாயின் சுவரையே ஊடுருவிக் குடிநீரில் கலந்திருந்தது. விரிசலே தேவையில்லை. பெட்ரோல் நனைந்த மண்ணில் சாதாரண பிளாஸ்டிக் குழாய் போடுவது அவ்வளவு ஆபத்து.

என் பெரிய கவலை கட்டி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. கட்டுமானத்துக்கு மானியம் கிடைக்கும், கடன் கிடைக்கும். அந்த விசிறியை இருபது முப்பது வருஷம் யார் பார்த்துக்கொள்வது? குறைந்த வாடகைக் கட்டடத்தில் பராமரிப்புப் பணம்தான் முதலில் வற்றும். நிர்வாக நிறுவனம் மாறும், காவலாளி மாறுவார், எங்கள் அறிக்கை அலமாரியில் தூங்கும். அதனால் இப்போதெல்லாம் விசிறியின் மின்செலவு, மாற்று விசிறி, ஆண்டுக்கொருமுறை காற்றுச் சோதனை மூன்றையும் வாடகைக் கணக்கிலேயே தனி வரியாகக் காட்டச் சொல்கிறேன். முடியாது என்றால் அந்தத் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறேன். இதில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு.

இன்னொன்றும் செய்கிறேன். விசிறிக் குழாயில் ஆங்கில ‘யு’ எழுத்து வடிவில் ஒரு கண்ணாடிக் குழல் ஒட்டியிருக்கும், உள்ளே சிவப்புத் திரவம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால் விசிறி இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால் இழுப்பு நின்றுவிட்டது. இதைப் பூட்டிய அறைக்குள் வைக்காமல் எல்லோரும் நடமாடும் கூடத்தில், கண் மட்டத்தில், கொட்டை எழுத்தில் விளக்கத்தோடு வைக்கச் சொல்கிறேன். அழகு கெடுகிறது என்று கட்டடக் கலைஞர்கள் முணுமுணுப்பார்கள்.

அப்படி வைத்த ஒரு கட்டடத்திலிருந்து ஒருநாள் காலை ஆறரைக்கு அழைப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். “தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நிக்குது. நேத்து ராத்திரி சரியாத்தான் இருந்தது” என்றார். போய்ப் பார்த்தால், யாரோ வேறு எதற்காகவோ சுவிட்ச்சை அணைத்துவிட்டு மறந்திருந்தார்கள். போட்டதும் சிவப்புக் கோடு ஒரு பக்கம் ஏறியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், கையிலிருந்த நோட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார்.