லெவரேஜ்டு பை-அவுட்: கடன் யாருடையது, கட்டுவது யார்?

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் ஒருவரிடம் அந்தக் கால்பந்துக் கழகத்தின் முதலாளிகளான கிளேசர் குடும்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சீக்கிரமே இந்தச் சொல் வந்து விழும்: லெவரேஜ்டு பை-அவுட், சுருக்கமாக எல்.பி.ஓ. கூடவே இரண்டு கெட்ட வார்த்தையும் வரும், அவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

பொருளைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தை வாங்க நினைப்பவர் கைக்காசு கொஞ்சம் போட்டு, மீதிக்குக் கடன் வாங்குகிறார். அதுவரை தப்பில்லை, வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் இங்கே கடனுக்கு ஈடாகக் காட்டுவது, வாங்கப்போகும் நிறுவனத்தின் சொத்தையும் வருமானத்தையும்தான்; கை மாறிய பிறகு வட்டி கட்டுவதும் அந்த நிறுவனமேதான். குடித்தனக்காரர்கள் நிறைந்த ஒரு லைன் வீட்டை, அந்த வீட்டுப் பத்திரத்தையே அடகு வைத்து வாங்கி, அப்புறம் வாடகையை ஏற்றி வட்டியை அடைப்பது மாதிரி. கால்பந்தில் முதலாளிக்குக் கூடுதல் வசதி என்னவென்றால், இந்தக் குடித்தனக்காரர்கள் எவ்வளவு ஏற்றினாலும் வேறு வீடு பார்த்துப் போக மாட்டார்கள்.

நடந்த கதை இதுதான். மால்கம் கிளேசர் அமெரிக்கர், டாம்பா பே அணியின் உரிமையாளர். அது அமெரிக்கக் கால்பந்து, நம் கால்பந்து இல்லை. யுனைடெட் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்தவர், 2005 மே 12 அன்று இரண்டு அயர்லாந்துக்காரர்களிடம் இருந்த கிட்டத்தட்ட 29 சதவீதப் பங்கை வாங்கியதும் ஆட்டம் முடிந்துவிட்டது. மொத்த விலை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு, அதில் 50 கோடிக்கு மேல் கடன். அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் அது, அதுதான் வயிற்றெரிச்சல்.

கடனும் ஒரே வகை இல்லை. ஒரு பங்கு கழகத்தின் சொத்துகள் மேல் ஏறியது. இன்னொரு பங்கு குடும்பத்தின் தாய் நிறுவனத்தின் பெயரில், பங்குகளை ஈடு வைத்து வாங்கியது, இதன் பெயர் பிக். இதில் வட்டியை அவ்வப்போது கட்ட வேண்டியதில்லை, அது அசலோடு சேர்ந்துகொண்டே போகும், 14.25 சதவீதத்தில் ஆரம்பித்து 2010இல் 16.25 சதவீதத்துக்குப் போனது. வட்டி குட்டி போடுவது என்று நாம் சொல்வதுதான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது, அவ்வளவே. 2010 கடைசியில் இதை அடைத்துவிட்டார்கள். ஆனால் அதே ஆண்டுத் தொடக்கத்தில் பழைய வங்கிக் கடனை மாற்ற சுமார் 50 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது கழகம், ஆக சுமை இடம் மாறியதே தவிர இறங்கவில்லை. வாங்கிய முதல் சில ஆண்டுகளில் சீசன் டிக்கெட் விலை வருடா வருடம் ஏறியது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2005இலேயே ஒரு கூட்டம் வெளியேறி எப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று உறுப்பினர்களுக்கே சொந்தமான கழகத்தைத் தொடங்கியது, ஆளுக்கு ஒரு ஓட்டு. (குடித்தனக்காரர்கள் போக மாட்டார்கள் என்றேன், சிலர் போனார்கள்.) 2010இல் மைதானம் முழுக்கச் சிவப்புக்குப் பதில் பச்சையும் பொன்னிறமும் கலந்த கழுத்துத் துண்டுகள் தெரிய ஆரம்பித்தன. 1878இல் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியபோது கழகத்தின் நிறம் அதுதான். அந்த மார்ச்சில் ஏ.சி. மிலானுக்காக யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் ஆடி முடித்த யுனைடெட்டின் பழைய நட்சத்திரம் டேவிட் பெக்காம், ரசிகர் எறிந்த அந்தத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். 2021 மே மாதம் ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே புகுந்ததால் லிவர்பூலுடன் நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் வட்டி மட்டும் பல நூறு மில்லியன் பவுண்டு போய்விட்டது. 2024 மே 12, வாங்கி சரியாக 19 வருடம், அர்செனலிடம் தோற்ற அன்று பெய்த மழையில் ஓல்டு டிராஃபோர்டு கூரையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. கூரைக்குப் போக வேண்டிய காசு எங்கே போனது என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது, ‘லெவாரே’ என்றால் தூக்குவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘லீவர்’ ஆனது; எலிவேட்டரும் இதே குடும்பம். லீவர் தரும் பலம் லெவரேஜ். சின்ன முதலால் பெரிய சொத்தைத் தூக்குவதால் நிதிக்காரர்கள் கடனுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் இதையே கியரிங் என்பார்கள், அதுவும் இயந்திரப் பட்டறைச் சொல்தான். 1980களில் வால் ஸ்ட்ரீட்டில் இந்த வகை வாங்கல் கொடிகட்டிப் பறந்தது, 1988இல் சிகரெட், பிஸ்கட் நிறுவனமான ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோவை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 2,500 கோடி டாலருக்கு வளைத்தது அதில் பேர்போனது. கடன் என்ற சொல் இந்தப் பெயரில் எங்கேயுமே இல்லை, கவனித்தீர்களா? தற்செயலோ என்னவோ, விற்கிறவர்களுக்கு அது தோதாக இருக்கிறது.

தமிழில் லீவர் என்றால் நெம்புகோல், பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நெம்புகோல் கொள்முதல்’ என்று வரும். கடப்பாரைக் கடையில் மொத்த வியாபாரம் போல ஒலிக்கிறது, வேண்டாம். ‘கடன்வழிக் கையகப்படுத்தல்’ பரவாயில்லை, ஆனால் கடன் யார் தலையில் என்பதை அதுவும் சொல்வதில்லை. வாங்குகிறவர் தன் சம்பளத்தில் கட்டினாலும் கடன்வழிதானே! அதனால் என் ஓட்டு ‘கடன்சுமத்திக் கையகப்படுத்தல்’ என்பதற்கு. கொஞ்சம் நீளம்தான்.

‘கையகப்படுத்தல்’ ஏன்? நிலம் கையகப்படுத்தல் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, கொடுப்பவரின் விருப்பம் அங்கே பெரிய விஷயமில்லை என்பது தெரியும். யுனைடெட்டிலும் அப்படித்தான்: கிளேசர் கையில் பெரும்பான்மை சேர்ந்ததும் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்து கழகம் விலகியது, ஆசைக்கு நாலு பங்கு வைத்திருந்த ரசிகர்களும் சட்டப்படி விற்றே ஆக வேண்டியதாயிற்று. பை-அவுட்டில் உள்ள ‘அவுட்’ அதுதான். பேச்சுவழக்கில் ‘வாங்கித் தீர்த்தல்’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

ஒரு எச்சரிக்கை. ரசிகர்கள் திட்டும் எல்லா முதலாளிக்கும் இந்தச் சொல்லை ஒட்டக் கூடாது. 2007இல் லிவர்பூலை வாங்கிய ஹிக்ஸ், ஜில்லெட் இருவருக்கும் பொருந்தும். கிளேசர் போல் செய்ய மாட்டோம் என்று சொல்லித்தான் வந்தார்கள், பிறகு கடனில் ஒரு பகுதி கழகத்தின் மேலேயே வந்து விழுந்தது. 2020இல் இன்னொரு இங்கிலாந்துக் கழகமான பர்ன்லி கைமாறியதற்கும் பொருந்தும். ஆனால் 2010இல் பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்கிய நம் புனே வெங்கீஸ் கோழிக்காரர்கள் வேறு கதை. 2012இல் அணி கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கிய ஆட்டத்தின்போது ரசிகர்கள் கழகக் கொடி போர்த்திய உயிர்க்கோழியை மைதானத்தில் விட்டது நிர்வாகம் செய்த லட்சணத்துக்காக. சொந்தக் காசைக் கொட்டியும் திட்டு வாங்கியவர்கள் அவர்கள், அவர்களைப் பற்றி எழுதும்போது வெறும் ‘வாங்கினார்கள்’ போதும்.