பேச்சு மருந்தானால் அதற்கும் அளவு உண்டு

பிறந்த 28 நாள்களுக்குள் நிகழும் மரணத்தைப் பச்சிளங்குழந்தை இறப்பு என்று மருத்துவத்துறை தனியே கணக்கிடுகிறது. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பூம், சராய்கேலா கர்சவான் மாவட்டங்களிலும், அவற்றை ஒட்டிய ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்திலும் பழங்குடியினர் பெருமளவில் வாழும் ஊர்களில், 2005ஆம் ஆண்டுவாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை அந்த 28 நாள்களைத் தாண்டவில்லை. மருத்துவரையோ மருந்தையோ புதிதாகக் கொண்டு சேர்க்காமல், பெண்களை மாதம் ஒருமுறை கூடிப் பேசவைப்பதன் மூலமே இந்த எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று அங்கே சோதித்துப் பார்த்தார்கள். சக்ரதர்பூரைத் தளமாகக் கொண்ட ஏக்ஜூட் என்ற தன்னார்வ அமைப்பும், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வு அது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பொலிவியாவின் இன்கிசிவி மாகாணத்து மலையூர்களில் 'வார்மி' என்ற திட்டம் பெண்கள் குழுக்களைக் கூட்டியது. கெச்சுவா மொழியில் அச்சொல்லுக்குப் பெண் என்று பொருள். அங்கே பிரசவத்தை ஒட்டிய குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 117இலிருந்து சுமார் 44ஆகக் குறைந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்கள் இல்லாததால், குறைந்தது குழுக்களாலா காலத்தாலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையை நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு நீக்கியது. 2004இல் வெளியான அதன் முடிவின்படி, குழுக்கள் இயங்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 26.2, இயங்காத பகுதிகளில் 36.9.

ஏக்ஜூட் ஆய்வில் 2,28,186 மக்கள் வாழும் பகுதியை 36 ஊர்த்தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதித் தொகுதிகளுக்குக் குழுக்களை ஒதுக்கினார்கள். தனி மனிதர்களை அல்லாமல் ஊர்களையே குலுக்கியதற்குக் காரணம் எளியது: ஒரு வீட்டுப் பெண் கூட்டத்தில் கேட்டதை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லாமல் இருக்கப்போவதில்லை. மொத்தம் 244 குழுக்கள் இயங்கின. அவற்றில் 172 ஏற்கெனவே இருந்தவை. இல்லாத இடங்களில் மட்டுமே புதிதாகத் தொடங்கினார்கள். இதற்கென அமர்த்திய உள்ளூர்ப் பெண் ஒவ்வொருவரும் மாதந்தோறும் பதின்மூன்று குழுக்களைக் கூட்டினார். அவர் செவிலியரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். பேச்சை வழிநடத்துவதே அவருடைய வேலை.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படம் வரைந்த அட்டைகளைத் தரையில் பரப்பி, தங்கள் ஊரில் கண்ட தொல்லைகளுள் எவை பெரியவை என்று பெண்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு ஒரு கதை சொல்லப்படும். பிறந்த ஐந்தாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. ஏன்? காய்ச்சல் கண்டு பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. ஏன்? தொப்புளில் சீழ் பிடித்திருந்தது. அது ஏன்? கொடியை அறுத்த பிளேடு பழையது. பழைய பிளேடு ஏன் வந்தது? வலி எடுத்த பிறகுதான் வீட்டில் பொருள்களைத் தேடத் தொடங்கினார்கள். 'பிளேடைக் கொதிநீரில் போடுங்கள்' என்று வெளியிலிருந்து வந்தவர் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் அன்றோடு போய்விடும்; இந்த 'ஏன்' விளையாட்டின் முடிவில் பெண்கள் தாமே வந்தடைந்த விடையோ, சோப்பு, புதிய பிளேடு, நூல், பிளாஸ்டிக் விரிப்பு ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிவைக்கும் ஏற்பாடாக மாறுகிறது. தொல்லையைக் கண்டறிதல், வழியைத் திட்டமிடுதல், செயல்படுத்துதல், விளைவை மதிப்பிடுதல் என நான்கு கட்டங்களாக, சுமார் இருபது கூட்டங்களில் இந்தச் சுற்று முடிந்தது.

கூட்டாளிகளில் யார் எதைச் செய்தார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. எதைப் பேசுவது, என்ன செய்வது என்ற முடிவு ஊரின் கையில் இருந்தது. எண்ணும் பொறுப்பு ஆய்வாளர்களிடம் இருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் தகவல் சொல்ல உள்ளூர்வாசி ஒருவரை அமர்த்தி, அங்கு நிகழும் எல்லாப் பிறப்பையும் இறப்பையும் திரட்டினார்கள்; ஆறு வாரம் கழித்துத் தாயைச் சந்தித்து விவரம் கேட்டார்கள். பதிவேட்டில் ஏறாமலே பிறந்து மறைந்த குழந்தைகள் இல்லையென்றால் இத்தனை பாடு தேவைப்பட்டிருக்காது.

முடிவு 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. குழுக்கள் இயங்கிய தொகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு முதலாண்டில் 55.6, அடுத்த ஆண்டுகளில் 37.1, 36.3; குழுக்கள் இயங்காத ஒப்பீட்டுத் தொகுதிகளில் அதே மூன்று ஆண்டுகளில் 53.4, 59.6, 64.3. முதலாண்டில் எந்தப் பலனும் தெரியவில்லை. பெண்கள் தொல்லைகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதால் இதில் வியப்பில்லை; ஓராண்டில் கணக்குக் கேட்கும் நிதியாளர் என்றால் திட்டத்தை அப்போதே மூடியிருப்பார். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இறப்பு 45 சதவீதம் குறைவு என்ற புகழ்பெற்ற கணக்கில், ஒப்பீட்டுத் தொகுதிகளில் எண் ஏறியதற்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவமனையை நாடுவோர் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. மாறியவை பிரசவம் பார்ப்பவர் கைகழுவுவது போன்ற வீட்டு நடைமுறைகள். மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைந்திருந்தது. மனச்சோர்வைப் பற்றி அந்தக் கூட்டங்கள் பேசவே இல்லை.

அதே காலத்தில் வங்கதேசத்தின் மூன்று மாவட்டங்களில் இதே முறையைச் சோதித்தபோது பலன் ஏதும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், வெற்றிகளைவிட அதிகம் கற்பித்தது அந்தத் தோல்விதான். ஏக்ஜூட் பகுதியில் 468 பேருக்கு ஒரு குழு இருந்தது. வங்கதேசத்தில் 1,414 பேருக்கு ஒன்று. அரை மாத்திரை கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பதைப் போன்றது இது. குழுக்களை 309 பேருக்கு ஒன்று என்று பெருக்கி மீண்டும் நடத்தியபோது, பச்சிளங்குழந்தை இறப்பு 38 சதவீதம் குறைந்ததாக 2013இல் தெரியவந்தது. இம்முறையைச் சோதித்த ஏழு ஆய்வுகளை ஒருங்கே அலசியபோதும், கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதத்தினர் பங்கேற்ற இடங்களில்தான் பலன் தெளிவாக இருந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

தன்னார்வ அமைப்பு நடத்தியதை அரசுக் கட்டமைப்பு நடத்த முடியுமா என்ற கேள்வி மிஞ்சியது. அதற்காக அரசின் ஊர்ச் சுகாதாரத் தொண்டர்களான ஆஷா பணியாளர்களையே கூட்டங்களை நடத்தவைத்து, ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் இன்னோர் ஆய்வு நடந்தது. இறப்பு 31 சதவீதம் குறைந்ததாக 2016இல் அறிவித்தார்கள். இதன் பின் ஜார்க்கண்ட் அரசு இக்கூட்டங்களைத் தன் மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு விரித்தது. முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்காக விடப்பட்டிருந்த ஊர்களுக்கோ அதற்கு முன்பே, அந்த ஆய்வு முடிந்த கையோடு, படஅட்டைகள் போய்ச் சேர்ந்திருந்தன.