ஊதா வந்தால் போதுமா? புதைந்த ஆயிலைச் சோதிக்கும் விதம்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவுகளின் அடியில் கசியும் ஊற்றுகளில் சில நேரம் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். மேட்டில் பழைய ஒர்க்‌ஷாப்போ ஜெனரேட்டர் ஷெட்டோ இருந்துவிட்டால், 'வேஸ்ட் ஆயிலைப் புதைத்திருக்கிறார்கள்' என்ற பேச்சு கிளம்பிவிடும். அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, துண்டுகள் தனித்தனியாகவே நின்றால் பெரும்பாலும் அது இரும்பு பாக்டீரியாவின் வேலை. நீலகிரிச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கலைத்ததும் திரும்ப ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்கலாம்.

சரி, எண்ணெய்தான். ஆனால் என்ன எண்ணெய்? எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் எல்லாம் சில வருடம் மண்ணுக்குள் கிடந்தால் ஒரே கருப்புதான். பெட்ரோல் எஞ்சினிலிருந்து 2000-க்கு முன் வடித்ததாக இருந்தால் ஈயம் இருக்கும். அந்த ஆண்டுதான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. உலோகங்களை ஆய்வகம் சுலபமாக அளந்துவிடும். தலைவலி தருவது பிசிபி (பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்). எளிதில் தீப்பிடிக்காது என்பதால் பழைய கெப்பாசிட்டர்களிலும் சில டிரான்ஸ்ஃபார்மர்களிலும் ஊற்றிய குளோரின் சேர்மங்கள் இவை. மொத்தம் 209 வகை. 1930-களிலேயே பைகாராவில் மின்சாரம் எடுத்த மலையில், பழைய மின்சாதனம் கிடந்த இடம் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

மண்ணிலிருந்து எடுத்த பேரலின் மேல்மட்டத்தில் ஒரு கரண்டி அள்ளினால் அது சோதனைக்கான சாம்பிள் ஆகாது. அடியில் தண்ணீர், கசடு. குளோரின் மிகுந்த பிசிபி திரவம் தண்ணீரைவிடக் கனமானது, தனியாகக் கிடந்தால் கீழேதான் போய்த் தங்கும். அதனால் இரு முனையும் திறந்த நீளமான கண்ணாடிக் குழாயை அடிவரை மெதுவாக இறக்கி, மேல்முனையை அடைத்துத் தூக்குவார்கள். எல்லா அடுக்கும் அதில் வந்துவிடும். மண்ணையும் எடுக்க வேண்டும்: பேரலுக்கு அடியில், சரிவில் கீழே, அப்புறம் அசுத்தம் எட்டாத மேட்டில் ஒன்று. இந்த மண்ணில் இயல்பாகவே உள்ள உலோகம் எவ்வளவு என்பதை அந்த மேட்டு மண்தான் சொல்லும்.

களத்திலேயே செய்யும் நிறச் சோதனை சுவாரசியமானது. சில மில்லி எண்ணெயில் உலோக சோடியம் அடங்கிய கரைசலைச் சேர்த்துக் குலுக்குவார்கள். சோடியம் பிசிபியிலிருந்து குளோரினைப் பிய்த்துக் குளோரைடாக்கிவிடும். அதைத் தண்ணீருக்குள் இறக்கி, அளந்து வைத்த பாதரச உப்பையும் ஒரு நிறங்காட்டியையும் விடுவார்கள். குளோரைடு பாதரசத்தைக் கட்டிப்போட்டுவிடும். மிச்சம் இருக்கும் பாதரசம் நிறங்காட்டியோடு சேர்ந்து ஊதாவாகும். ஆக, ஊதா நல்ல சேதி, நிறமின்மைதான் கெட்ட சேதி. (பாதரசம் இருப்பதால் பயன்படுத்திய கிட்டும் அபாயக் கழிவுதான்.) கிரீஸ் கழுவும் குளோரின் கரைப்பானோ உப்போ கலந்திருந்தாலும் நிறம் போய்விடும், பொய்யாகப் பயமுறுத்துமே தவிர, பெரும்பாலும் பொய்யாகத் தைரியம் சொல்லாது.

ஆனால் ஊதாவைப் பார்த்ததும் கிளம்பிவிடக் கூடாது. இந்தக் கிட்டில் பரவலாக இருப்பது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) எல்லைக்கானது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள், மறுசுழற்சிக்குப் போகும் பழைய ஆயிலில் பிசிபி 2 பிபிஎம்-க்குக் கீழே இருக்கச் சொல்கின்றன. நடுவில் இருக்கும் 48-ஐப் பற்றி ஊதா நிறம் ஒன்றும் பேசாது.

அதற்கு கேஸ் குரோமேட்டோகிராஃப் வேண்டும். நீண்ட மெல்லிய குழாயில் சேர்மங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியேற, முனையில் உள்ள உணர்கருவியில் கதிரியக்க நிக்கல்-63 எலக்ட்ரான்களைக் கிளப்பிச் சிறிய மின்னோட்டத்தை ஓட வைத்திருக்கும். குளோரின் உள்ள மூலக்கூறு கடந்தால் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், மின்னோட்டம் குறையும். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் 1957-இல் உருவாக்கியது இந்த உணர்கருவி. பிபிஎம்-ஐவிட வெகு கீழேயும் எட்டும். வரைபடத்தில் வரும் முகடுகளின் வரிசையை, பிசிபி விற்கப்பட்ட வணிகக் கலவைகளின் வரிசையோடு ஒப்பிடுவார்கள். புதைந்து வெகுகாலம் ஆன எண்ணெயில் அது அச்சாகப் பொருந்தாது. குளோரின் குறைந்த வகைகள் ஆவியாகியும் நுண்ணுயிர்களுக்கு இரையாகியும் தேய்ந்திருக்கும். அப்போது கலவையின் பெயரை விட்டுவிட்டு, ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக அளந்து கூட்டுவதே நம்பகமான வழி.