சம்பா பயிர்க் காப்பீடு: பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

2016-17இல் தண்ணீர் இல்லாமல் சம்பா கருகியது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் அறுக்க வேண்டிய கதிர் மழையில் சாய்ந்தது. வானம் இப்படி மாறிவிட்ட டெல்டாவில், பிரதமர் பயிர்க் காப்பீட்டை விட்டால் வேறு பிடிமானம் குறைவு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் (பயிர் முழுக்கப் போனால் ஏக்கருக்கு என்று வைத்திருக்கும் தொகை) 1.5 சதவீதம் நாம் கட்டுவது, மிச்சம் அரசுகளுடையது. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கல்தான் முதல் தலைவலி. ஒரே வி.ஏ.ஓ. இரண்டு மூன்று ஊர் பார்ப்பார், நவம்பரில் கையில் சிக்கமாட்டார். அக்டோபரிலேயே வாங்குங்கள். கோயில் நிலம், மடத்து நிலம் குத்தகைக்குச் செய்பவர்களிடம் "பட்டாதாரர் வரட்டும்" என்பார்கள். காப்பீடு பயிர் வைத்தவருக்கும் உண்டு. சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை எழுதித் தரும்படி மனுவாகக் கொடுத்து, ஒப்புதல் ரசீது வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை.

கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கியவர்கள் "அவர்களே பிடித்திருப்பார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். 2020 முதல் கடன்காரருக்கும் இது கட்டாயமில்லை. ரசீதைக் கண்ணால் பாருங்கள். பொதுச் சேவை மையத்தில் கட்டினால், கம்ப்யூட்டரில் வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் திரையிலேயே சரிபாருங்கள். பக்கத்து ஊரைத் தட்டிவிட்டால், பணம் வராதபோதுதான் தெரியும். அதற்குள் திருத்தும் காலம் முடிந்திருக்கும்.

மகசூல் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலை வைத்தல்ல, ஊரை வைத்து. 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து சில வயல்களில் அறுத்து எடை பார்த்துச் சராசரி எடுப்பார்கள். உத்தரவாத மகசூல் (ஊருக்கு இவ்வளவு விளைய வேண்டும் என்று திட்டத்தில் வைத்திருக்கும் அளவு) ஏக்கருக்கு 2,000 கிலோ, ஊர்ச் சராசரி 1,500 என்றால் இழப்பு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாயானால் 9,000 வரும். கடைமடையில் உங்கள் வயல் முழுக்கப் போனாலும் அதே 9,000தான். அறுவடைச் சோதனை நடக்கும் நாளைக் கேட்டு, ஊர்க்காரர்கள் நாலு பேர் போய் நில்லுங்கள்.

வெள்ள நிவாரணக் கணக்கெடுப்பில் பெயர் இருப்பதும் காப்பீடும் வேறு வேறு. ஒன்றில் எழுதியதால் மற்றது தானாக வந்துவிடாது.

அறுத்து வயலில் காயப்போட்ட தாள் புயல், பருவம் தவறிய மழையில் நனைந்தால் 14 நாள் வரை தனி வயலுக்கே இழப்பீடு உண்டு. ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447இல் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். மெஷினில் அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் நனைந்தால் இதில் சேராது.