வைல்ட்கார்டு என்னும் பதிலிக்குறி

தரமணி, சோழிங்கநல்லூர் பக்கத்து அலுவலகங்களில் சர்வரில் இடம் தீர்ந்துபோனால் காதில் விழும் பேச்சு இது: "பழைய லாக் எல்லாத்தையும் ஸ்டார் போட்டுத் தூக்கிடு." லாக் என்பது நிரல்கள் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. அந்த ஸ்டார், அதாவது * என்ற உடுக்குறி, ஒரு வைல்ட்கார்டு. கோப்பின் பெயரை முழுக்க எழுதாமல், அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக நிற்கும் குறி.

சொல் சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ரம்மியில் ஒரு சீட்டை உருவி வைக்கிறார்கள். அது ஏழு என்றால் எல்லா ஏழும் ஜோக்கர். எந்தச் சீட்டு குறைகிறதோ அதன் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். 'காட்டு அட்டை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இந்தப் பொருளே போய்விடும். பதிலாக நிற்பதுதான் இதன் வேலை என்பதால் 'பதிலிக்குறி' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இணையத்தில் நமக்காக இடையில் நிற்கும் ப்ராக்ஸியையும் பதிலி என்கிறோம். ஆனால் 'குறி' சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

* எத்தனை எழுத்துக்கும் நிற்கும், எழுத்தே இல்லாவிட்டாலும் பொருந்தும். [0-9] ஓர் இலக்கத்துக்கு. ? ஓர் எழுத்துக்கு, தமிழில் பெயர் வைப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். நமக்கு 'மே' ஓர் எழுத்து. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் அது மகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு. அதனால் பைத்தான் நிரல்மொழியில் ?.லாக் என்று தேடினால் மே.லாக் கிடைக்காது, ??.லாக் என்றால்தான் கிடைக்கும்.

குறியை விரித்து உண்மையான பெயர்களாக்கும் வேலைக்கு குளோப் என்று பெயர். 'குளோபல்' என்பதன் சுருக்கம். பெல் ஆய்வகத்தின் தொடக்கக்கால யூனிக்ஸ் இயங்குதளத்தில் இது தனி நிரலாகவே இருந்தது. நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதை அழைத்து வேலை வாங்கியது. தமிழில் 'பெயர் விரிப்பு' எனலாம்.

லினக்ஸில் கோப்பை நீக்கும் கட்டளை ஆர்எம். ஆர்எம் *.லாக் என்று அடித்தால் ஆர்எம் அந்த உடுக்குறியைப் பார்ப்பதே இல்லை. ஷெல் முன்பே விரித்து, பெயர்ப் பட்டியலாகத்தான் அதன் கையில் கொடுக்கிறது. அதனால்தான் உடுக்குறிக்கு அப்புறம் தவறி ஓர் இடைவெளி விழுந்தால் மறைகோப்புகள் தவிர கோப்புறையில் உள்ள கோப்புகள் மொத்தமும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். பைத்தானில் இப்படி விரித்துத் தர யாரும் இல்லை. ஓஎஸ்.ரிமூவ் கட்டளைக்கு *.லாக் என்று கொடுத்தால், அதே பெயரில் ஒரு கோப்பைத் தேடி, இல்லை என்று பிழை காட்டும். முதலில் பைத்தானின் குளோப் என்னும் நிரல்தொகுதியைக் கொண்டு பட்டியல் எடுக்க வேண்டும். அதைத் திரையில் அச்சிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். சரி என்றால் ஒவ்வொன்றாக நீக்கலாம். அச்சிடும் அந்த ஒரு வரியை விடவே கூடாது, நீக்கியது குப்பைத்தொட்டிக்குப் போகாது.

புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகள் வெறும் * குறிக்கு பாஷ் என்னும் ஷெல்லிலும் பைத்தானின் குளோபிலும் இயல்பாகச் சிக்காது. அதே பைத்தானில் பாத்லிப் என்னும் இன்னொரு நிரல்தொகுதி வழியாகத் தேடினால் அவையும் பட்டியலில் வரும்.